கான்சல் பட்டனை அழுத்த முன்: வாசகர் கேள்வி – பதில்

பலாலியிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் மலிவு விமானங்கள் பறக்கத் தொடங்கியபின் கண் ஒபரேஷன், கோயில், கல்யாணப் புடவை என்று வன்னியிலிருந்து இந்தியா போகிறவர்கள் கூடிவிட்டார்கள். மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் போகிறவர்கள் வழக்கம்போல கட்டுநாயக்காவால்தான் போகிறார்கள். ரிக்கெற் எடுப்பது எப்படி என்று கேட்டு வரும் கடிதங்கள் இப்போது குறைவு. எடுத்த ரிக்கெற்றை என்ன செய்வது, கட்டிய காசை எப்படித் திருப்பி எடுப்பது என்ற கடிதங்கள்தான் குவிகின்றன. இம்முறை பக்கம் முழுவதும் அவற்றுக்கே.

அம்மாவின் கண் சிகிச்சைக்காகப் பலாலி–சென்னை போய்வர ரிக்கெற் எடுத்தோம். பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அம்மாவுக்கு டெங்கு வந்துவிட்டது. ஒரு மாதத்துக்குப் பயணம் வேண்டாம் என்கிறார் டாக்குத்தர். “இது மலிவு ரிக்கெற், ஒரு சதமும் திரும்பாது” என்கிறார் எடுத்துத் தந்த கடைக்காரர். உண்மையா?
— வாசகி, தருமபுரம்

உண்மையில்லை. எவ்வளவு மலிவான ரிக்கெற்றிலும் திரும்ப வேண்டிய ஒரு பங்கு இருக்கிறது. ரிக்கெற்றின் கட்டண விவரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் மேலதிகக் கட்டணம், விமான நிலைய வரிகள் என்று தனித்தனியாகக் காட்டியிருக்கும். இந்திய நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் அந்நாட்டுச் சிவில் விமானப் பணிப்பாளர் நாயகத்தின் விதிப்படி, ரத்துக்கான தண்டம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் கூட்டிய தொகையைத் தாண்டக் கூடாது. அரசாங்கத்துக்கும் விமான நிலையத்துக்கும் என்று வாங்கிய வரிகள் திரும்பியே ஆகவேண்டும். ‘சலுகை ரிக்கெற்’, ‘திருப்பித் தரப்படாது’ என்று அச்சடித்திருந்தாலும், பயணி வராமலே விட்டிருந்தாலும் இதுதான் விதி.

இலக்கத்தோடு பார்த்தால் விளங்கும். கணக்குக்காக, போய்வர மொத்தம் 48,000 ரூபா என்று வையுங்கள். அடிப்படை 24,000, எரிபொருள் 4,000, வரிகள் 18,000, இணையச் சேவைக் கட்டணம் 2,000. மிக மோசமான நிலையிலும் 18,000 உங்களுடையது. 30,000 போகும்.

ஆனால் அம்மா எப்படியும் போகத்தான் போகிறார் என்றபடியால், ரத்துச் செய்வதா திகதி மாற்றுவதா என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும். திகதி மாற்றினால் மாற்றுக் கட்டணம் ஒன்று, புதிய திகதியின் விலை கூடவாக இருந்தால் அந்த வித்தியாசம் ஒன்று. இந்த வித்தியாசத்தைக் கண்டு பயந்துதான் பலர் ரத்துச் செய்கிறார்கள். அது தவறான கணக்கு. ரத்துச் செய்து புதிதாக எடுத்தாலும் அந்தக் கூடிய விலையைத்தானே கட்டப்போகிறீர்கள்? ஆகவே ஒப்பிட வேண்டியவை இரண்டே இலக்கங்கள்: மாற்றுக் கட்டணம் எவ்வளவு, ரத்துச் செய்தால் போகும் தொகை எவ்வளவு. மேலே சொன்ன ரிக்கெற்றில் மாற்றுக் கட்டணம் ஒரு வழிக்கு 9,000 என்றால் இரு வழிக்கும் 18,000. ரத்துச் செய்தால் போவது 30,000. மாற்றுவதே இலாபம். புதிய திகதியில் விலை நன்றாகக் குறைந்திருந்தால் மட்டும் கணக்கு மாறலாம், ஏனென்றால் திகதி மாற்றும்போது குறைந்த விலையின் மிச்சத்தைப் பொதுவாகத் திருப்பித் தரமாட்டார்கள். மேலதிகப் பொதிக்கும் இருக்கைக்கும் கட்டிய காசு, மாற்றினால் பெரும்பாலும் கூடவே போகும். ரத்துச் செய்தால் போய்விடும்.

கட்டணம் ஒரு ஆளுக்கு, ஒரு வழிக்கு என்று அறவிடப்படும். துணைக்குப் போகும் நீங்களும் சேர்ந்தால் இரண்டு மடங்கு. கடைசி சில நாட்களில் தண்டம் கூடும் நிறுவனங்களும் உண்டு. கடைசி 3 நாள் வரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அதே நேரம், டாக்குத்தர் நாள் சொல்லுமுன் குத்துமதிப்பாக ஒரு திகதிக்கு மாற்றினால் இரண்டாம் தடவையும் கட்ட வேண்டி வரும்.

ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் காட்டைத் தெளிவாகப் படமெடுத்து நிறுவனத்துக்கு அனுப்பிப் பாருங்கள். தண்டத்தை விடவேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கில்லை. ஆனால் கேட்டவர்களுக்குச் சில வேளை விட்டுக்கொடுக்கிறார்கள். காசுக்குப் பதில் ‘கிரெடிட் ஷெல்’லில் (அதே நிறுவனத்தில் பிறகு ரிக்கெற் எடுக்கப் பாவிக்கும் வரவு) போட்டுவைக்கிறோம் என்று சொன்னால், அதை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். இந்திய விதி இதை வெளிப்படையாகவே சொல்கிறது.

இன்னொன்று, அடுத்த முறைக்கு. இந்திய நிறுவனத்தின் இணையத்தளத்தில் நேரடியாக, பயணத்துக்குப் போதிய நாட்கள் முன்பே எடுத்த ரிக்கெற் என்றால், எடுத்தவுடன் குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் தண்டமில்லாமல் ரத்துச் செய்யவோ மாற்றவோ முடியும். எத்தனை மணி, எத்தனை நாள் என்பது பதிவு செய்யும்போதே நிபந்தனையில் இருக்கும். பிழை கண்டால் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

விமான நேரத்தை நாலு மணித்தியாலம் பிந்தி மாற்றிவிட்டதாக மெசேஜ் வந்தது. அதிலிருந்த ஏதோ ஒன்றை மகன் அழுத்திவிட்டான். இப்போது காசைக் கேட்டால் “நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள்” என்கிறார்கள்.
— வாசகர், மல்லாவி

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விசயம்தான் உங்கள் மனதில் நிற்கலாம் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: ரத்துச் செய்தது யார் என்பதைப் பொறுத்தே காசு. நீங்கள் ரத்துச் செய்தால் தண்டம். அவர்கள் ரத்துச் செய்தாலோ நேரத்தைப் பெரிதாக மாற்றினாலோ மாற்று விமானம் அல்லது முழுக்காசு. ஒரே நாளில் ஒரே விமானத்தில் இரண்டு பேருக்கு இரண்டு விதமாகக் காசு திரும்புவதற்குக் காரணம் இந்த ஒன்றுதான்.

நிறுவனத்தின் தளத்தில் ‘பதிவை நிர்வகி’ என்ற பகுதிக்குள் போய் ‘கான்சல்’ என்று அழுத்தினால், பல தளங்கள் அதை உங்கள் சொந்த ரத்தாகவே எடுத்துத் தண்டத்தைக் கழிக்கும். அவர்கள் செய்த மாற்றத்துக்கான வழி பெரும்பாலும் வேறு கதவு. இந்திய மலிவு விமான நிறுவனமான இண்டிகோவில் அதற்குப் ‘பிளான் பி’ என்று பெயர். அங்கே போய் ரிக்கெற் இலக்கத்தைக் கொடுத்தால், தண்டமில்லாமல் வேறு விமானத்தைத் தேர்வதற்கும் காசைத் திருப்பி எடுப்பதற்கும் இரண்டு தெரிவு வரும். மற்ற நிறுவனங்களில் மெசேஜோடு வந்த இணைப்பிலேயே இருக்கும். திரையில் ‘திரும்பும் தொகை’ என்று காட்டும் இலக்கத்தைப் பாருங்கள். நீங்கள் கட்டிய தொகைக்குக் கிட்ட இல்லையென்றால் உறுதிப்படுத்தாமல் வெளியே வாருங்கள்.

மகன் அழுத்தியது ‘ஏற்கிறேன்’ என்றால் நிலைமை பலவீனம்தான், ஆனால் முடிந்துவிடவில்லை. அதன்பிறகு நேரத்தை மறுபடி மாற்றினார்களா என்று பாருங்கள். மாற்றியிருந்தால் உரிமை புதிதாகப் பிறக்கிறது. மலேசிய நிறுவனமாக இருந்து, புறப்படும் அன்று 5 மணித்தியாலமோ அதற்கு மேலோ தாமதமானால், அந்நாட்டு விமானப் பயணிகள் பாதுகாப்புக் கோவையின்படி பயணத்தைக் கைவிட்டு முழுக்காசும் கேட்கலாம். 2024 செப்டெம்பரிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. கட்டிய வழியிலேயே, 30 நாளுக்குள் தரவேண்டும்.

இனி இப்படி மெசேஜ் வந்தால் முதலில் படம் பிடித்து வையுங்கள். பழைய நேரம், புதிய நேரம், மெசேஜ் வந்த திகதி மூன்றும் படத்தில் தெரிய வேண்டும்.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். ரிக்கெற்றைக் கொமினிகேஷன் கடையில் எடுக்கிறோம். கடைக்காரர் பதிவுப் படிவத்தில் தன் ஈமெயிலையும் தன் போன் நம்பரையும் போட்டுவிடுகிறார். நேர மாற்றம், ரத்து என்று நிறுவனம் அனுப்பும் எல்லாம் அவருடைய போனுக்குத்தான் போகும். கடை பூட்டிய ஞாயிற்றுக்கிழமை வந்த மெசேஜ் உங்களுக்குத் திங்கள் மத்தியானம் தெரியும், அதுவும் அவர் பார்த்தால். ரிக்கெற் எடுக்கும்போது பக்கத்தில் நின்று உங்கள் நம்பரையும் உங்கள் ஈமெயிலையும் போடச் சொல்லுங்கள். எடுத்து முடிந்துவிட்டதென்றால் ‘பதிவை நிர்வகி’ பகுதியில் தொடர்பு விவரத்தை இன்றைக்கே மாற்றலாம். அதற்குக் காசில்லை.

மகளின் பெயர் கடவுச்சீட்டில் ‘ரி-எச்’ (TH) என்று தொடங்குகிறது. ரிக்கெற்றில் ‘டி-எச்’ (DH) என்று அடித்துவிட்டார்கள். ரத்துச் செய்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டுமா?
— வாசகர், ஒட்டுசுட்டான்

தயவுசெய்து ரத்துச் செய்யாதீர்கள். ஆள் ஒன்றுதான், எழுத்து மட்டும் பிழை என்றால் அது திருத்தம். ஓரிரு எழுத்தை நிறுவனங்கள் திருத்தித் தருகின்றன. பல இடங்களில் இலவசம், சில இடங்களில் சிறு கட்டணம். கடவுச்சீட்டின் விவரப் பக்கத்தைப் படமெடுத்து, ரிக்கெற் இலக்கத்தோடு நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு அனுப்புங்கள். கடையில் எடுத்ததென்றால் கடை ஊடாகத்தான் திருத்த விடுவார்கள். செக்-இன் செய்ய முன்னர் முடிக்க வேண்டும். போடிங் பாஸ் வந்தபின் திருத்துவது சிரமம். ஒரு ஆளின் ரிக்கெற்றை இன்னொரு ஆளுக்கு மாற்றுவது வேறு கதை. அதை மலிவு விமானங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை.

எங்கள் பெயர்களில் இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. தமிழர் பெயரில் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயர்தான் முன்னால் வரும். ஆனால் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர், ஏனைய பெயர்கள் என்று இரண்டு கட்டம் உண்டு. ரிக்கெற் படிவத்திலும் இரண்டு கட்டம். கடைக்காரர் அடையாள அட்டையைப் பார்த்து முதலெழுத்தை மட்டும் போடுவதும், இரண்டையும் இடம் மாற்றிப் போடுவதும் நடக்கிறது. இடம் மாறியது பெரும்பாலும் திருத்தக்கூடிய பிழை. தகப்பன் பெயருக்குப் பதில் ஒரு எழுத்து மட்டும் இருந்தால் கவுண்டரில் நிறுத்தக்கூடும். அடையாள அட்டையைக் கொடுக்காதீர்கள். கடவுச்சீட்டையே கொடுத்து, கீழே இருக்கும் இரண்டு வரி இயந்திர எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள். அதன் மேல் வரியில் நாட்டுக் குறியை அடுத்து முதலில் வருவது குடும்பப் பெயர். இரண்டு அம்புக்குறிக்குப் பின் வருவது ஏனைய பெயர்கள்.

வளைகுடா போக ஏஜென்சியில் எடுத்த ரிக்கெற். வான்பரப்பு மூடியதால் விமானத்தை நிறுவனமே ரத்துச் செய்தது. மூன்று மாதமாகிறது. “எயார்லைன் இன்னும் காசு தரவில்லை” என்கிறார் ஏஜென்ற்.
— வாசகர், நெடுங்கேணி

2025 ஜூனில் வளைகுடா வான்பரப்புகள் மூடியபோதும் இதே முறைப்பாடு நிறைய வந்தது. போர், புயல் போன்றவற்றுக்கு நட்டஈடு கிடைக்காது. ஆனால் பறக்காத விமானத்துக்குக் கட்டிய காசு நட்டஈடு இல்லை, அது உங்கள் காசு.

ஏஜென்ற் சொல்வதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. மலிவு விமானங்களில் ஏஜென்சிகள் முன்கூட்டியே காசு வைப்புச் செய்து, அந்தக் கணக்கிலிருந்துதான் ரிக்கெற் வெட்டுகிறார்கள். ரத்தானால் காசு அதே கணக்குக்குத் திரும்பும். பல வேளைகளில் சில நாட்களிலேயே திரும்பிவிடும். ஆகவே நிறுவனத்துக்கு நேரடியாக எழுதி மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த ரிக்கெற்றின் காசு திருப்பப்பட்டதா, எத்தனையாம் திகதி, எவ்வளவு. அவர்கள் காசை உங்களுக்குத் தரமாட்டார்கள், ஏனென்றால் கட்டியது ஏஜென்ற். ஆனால் திகதியும் தொகையும் எழுத்தில் வந்தால், அந்தக் கடிதத்தோடு ஏஜென்சிக்குப் போங்கள். பேச்சு மாறும்.

ஏஜென்ற் தன் சேவைக் கட்டணத்தைக் கழிப்பது நியாயம், அது பற்றுச்சீட்டில் தனியாகக் காட்டப்பட்டிருந்தால். பற்றுச்சீட்டே தராமல் மொத்தக் காசு வாங்கியிருந்தால் எவ்வளவு சேவை, எவ்வளவு ரிக்கெற் என்று பிறகு யாரும் நிரூபிக்க முடியாது. இந்திய நிறுவனம் என்றால் ஏஜென்ற் ஊடாக எடுத்தாலும் காசு திரும்பச் செய்யும் பொறுப்பு நிறுவனத்துக்கே. அதற்கு விதியில் காலக்கெடுவும் உண்டு. அங்கே ‘எயார்சேவா’ என்ற அரச தளத்தில் முறையிடலாம். எங்கள் நாட்டில் ரிக்கெற் விற்பவர்களுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஏஜென்சியின் அனுமதி இலக்கத்தைக் கேட்டு, அதைக் குறிப்பிட்டு அதிகாரசபைக்கு எழுதுங்கள். நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கும் முறைப்பாடு கொடுக்கலாம்.

அண்ணா ரொறன்ரோவிலிருந்து தன் வங்கிக் காட்டில் எடுத்துத் தந்த ரிக்கெற். ரத்தான காசு இங்கே என் வங்கிக் கணக்குக்கு வருமா?
— வாசகி, பரந்தன்

வராது. எந்தக் காட்டிலிருந்து போனதோ அந்தக் காட்டுக்கே திரும்பும், எந்த நாணயத்தில் கட்டினாரோ பெரும்பாலும் அதிலேயே. “கணக்கு இலக்கத்தைத் தாருங்கள், உங்களுக்கே போட்டுவிடுகிறோம்” என்று யாராவது கேட்டால் சந்தேகப்படுங்கள்.

நிறுவனம் “திருப்பிவிட்டோம்” என்றும் வங்கி “வரவில்லை” என்றும் சொல்லிக்கொண்டிருந்தால், நிறுவனத்திடம் ஏ.ஆர்.என் இலக்கத்தைக் கேளுங்கள். 23 இலக்கம் கொண்டது. காட்டுக்குத் திரும்பும் ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் அது உண்டு. அதைக் கொடுத்தால் வங்கி காசு எங்கே நிற்கிறது என்று தேடிவிடும். காட் காலாவதியாகிப் புதியது வந்திருந்தால் பயப்படத் தேவையில்லை, கணக்கு இருந்தால் காசு வந்து சேரும்.

நிறுவனம் தரவேண்டிய காசைத் தராமல் இழுத்தால் காட் வங்கியில் ‘டிஸ்பியூட்’ (காட்டில் போன காசை மீட்டுத் தரக் கேட்கும் முறைப்பாடு) போடலாம். வீசா, மாஸ்டர்காட் இரண்டிலும் பொதுவான எல்லை 120 நாள். பறக்க இருந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குவது வழக்கம். ரத்து மெசேஜ், நீங்கள் காசு கேட்ட கடிதம், பதில் மூன்றையும் வைக்க வேண்டும். நீங்களாகவே போக மனமில்லாமல் விட்ட பயணத்துக்கு இது செல்லாது. உள்ளூர் வங்கி முறைப்பாட்டை எடுக்க மறுத்தால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவு இருக்கிறது, இலக்கம் 1935.

மார்கழி வெள்ளத்தில் பாதை மூடி, கட்டுநாயக்கா போய்ச் சேர முதலே விமானம் போய்விட்டது. கோலாலம்பூரிலிருந்து மெல்பேர்ண் போக வேறு ரிக்கெற் வைத்திருந்தோம். அதுவும் போச்சு.
— வாசகர், புதுக்குடியிருப்பு

உங்கள் நட்டத்தை வாசிக்கக் கவலையாக இருக்கிறது. விமானம் நேரத்துக்குப் பறந்திருந்தால் நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் ‘வராத பயணி’. வெள்ளம் அவர்களுடைய பொறுப்பில்லை. ஆனாலும் இரண்டு காரியம் செய்யுங்கள். பறக்காத பயணத்தின் விமான நிலைய வரியைக் கேட்டு விண்ணப்பியுங்கள். அது தானாக வராது, தளத்தில் தனிப் படிவம் இருக்கும், காலக்கெடுவும் இருக்கும். அடுத்து, அந்த நாட்களுக்கு நிறுவனம் ஏதாவது சலுகை அறிவித்ததா என்று பாருங்கள். பெரிய அனர்த்தங்களின்போது, குறித்த திகதிப் பயணங்களுக்குத் தண்டமில்லாமல் திகதி மாற்ற விடுவது வழக்கம்.

மெல்பேர்ண் ரிக்கெற் தனிப் பதிவு என்பதால் முதல் விமானம் தவறியது அந்த நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லை. முதலாவது நிறுவனமே தாமதித்திருந்தாலும் இதே பதில்தான். ஒரே பதிவு இலக்கத்தில் இரண்டு விமானமும் இருந்தால் மட்டுமே இணைப்பைத் தவறவிட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடமை வரும். சென்னையில் இப்படித் தனித்தனியாக மாறுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பொதியை வெளியே எடுத்து மறுபடி போட வேண்டும் என்றால் இந்திய வீசா வேண்டும்.

இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கிற காலத்தில், ஐப்பசி முதல் மார்கழி வரை, ஒரு நாள் முன்னதாகவே நீர்கொழும்புப் பக்கம் போய் நில்லுங்கள். அறை வாடகை ரிக்கெற்றை விட மலிவு. பஸ் நடுவழியில் நின்று, இனிப் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தால், இருந்த இடத்திலேயே போனை எடுத்துத் திகதியை மாற்றுங்கள். சில நிறுவனங்கள் புறப்படச் சில மணி நேரம் முன்வரை விடும், சில 48 மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும். ஏற்கெனவே வெப் செக்-இன் செய்திருந்தால் பல தளங்களில் மாற்றும் பட்டன் வேலை செய்யாது. முதலில் செக்-இன்னை நீக்கிவிட்டு மாற்றுங்கள்.

அப்பா காலமாகிவிட்டார். அவருக்கு எடுத்திருந்த ரிக்கெற்?
— வாசகர், செட்டிகுளம்

எங்கள் அனுதாபங்கள். நீங்களாக ரத்துச் செய்யாமல், இறப்புச் சான்றிதழோடு எழுதுங்கள். பயணியின் இறப்புக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் தண்டமில்லாமல் காசைத் தருகின்றன. கூடப் போகவிருந்த நெருங்கிய உறவினருக்கும் சில தருகின்றன, உறவைக் காட்டப் பிறப்புச் சான்றிதழோ விவாகச் சான்றிதழோ கேட்பார்கள். கிராம அலுவலரின் கடிதம் போதாது. எங்கள் பிரதேச செயலகங்களில் சான்றிதழ் தமிழில் கிடைக்கும், வெளிநாட்டு நிறுவனம் அதைத் தட்டிவிடும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுத்து, இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துப்படியே பெயரை மொழிபெயர்க்கச் சொல்லுங்கள், ஒரு எழுத்து மாறினாலும் திரும்பி வரும்.

கூகுளில் கண்ட உதவி இலக்கத்துக்கு எடுத்தேன். காசு திருப்ப ஒரு அப் இறக்கச் சொல்லி, போனுக்கு வந்த ஓ.டி.பி.யைக் கேட்டார்கள். கொடுக்கவா?
— வாசகி, மாங்குளம்

வேண்டாம். அது நிறுவனம் இல்லை. காசு உங்களுக்கு வருவதற்கு ஓ.டி.பி தேவையே இல்லை, காசு உங்களிடமிருந்து போகத்தான் அது தேவை. அந்த அப்பை இறக்கியிருந்தால் போனின் டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்திவிட்டு அதை அழியுங்கள். வேறொரு போனிலிருந்து, காட்டின் பின்பக்கத்தில் இருக்கும் வங்கியின் இலக்கத்துக்கு எடுத்து, காட்டை உடனே முடக்கச் சொல்லுங்கள். விமான நிறுவனத்தின் சரியான இலக்கம் உங்கள் ரிக்கெற்றிலேயே அச்சாகியிருக்கும்.